இடது பக்கம் சரியில்லை

மார்ச் 2

தேனொலி ஆம்ப்ளிஃபயர் இன்று வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன், வாங்கியவர்கள் அதைப் பற்றி எழுதிய கருத்துகளை எல்லாம் இன்னொரு முறை படித்தேன். வாங்குவதற்கு முன் படித்தது அறிவுக்காக. இப்போது படித்தது மன நிம்மதிக்காக.

ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒருவர்: “இந்த விலைக்கு இப்படி ஒரு சத்தமா! என் மாமனாரே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.” மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்: “பாட்டு அருமை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. அவருக்காக இரண்டு குறைத்திருக்கிறேன்.” ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்: “நான் ஆர்டர் போட்டது குக்கர்.” பொள்ளாச்சி வெங்கிடுபதி என்பவர் மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கோயில் கட்டாத குறை.

நான் மில்லில் இருந்து ஓய்வு பெற்ற அன்று தொழிலாளர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த இரண்டு ஸ்பீக்கர்கள் துணி போட்டு மூடியே கிடந்தன. அவற்றைத் துடைத்து ஹாலில் இரண்டு மூலையிலும் வைத்தேன். ஒயர் மாட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி சுலோசனா ஏதோ கேட்டாள். சரி என்றேன்.

மார்ச் 3

இடது பக்கம் சரியில்லை.

வலது பக்கத்தில் மிருதங்கம் கணீரென்று விழுகிறது. இடது பக்கத்தில் வயலின் ஏதோ போர்வைக்குள் இருந்து வாசிப்பது போல இருக்கிறது. சுலோசனாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானுங்க கேக்குது” என்றாள்.

அவளுக்குச் சத்தம் தெரியும், ஒலி தெரியாது. எனக்குத் தெரியும். நூற்புப் பிரிவில் என்னைக் காது மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியை என் இடது காதில் வைத்துக்கொண்டு, இந்த மெஷின் அடுத்த வாரம் நிற்கும் என்பேன். நிற்கும். கோயமுத்தூரில் இந்தக் காதை நம்பி ஒரு மில்லே ஓடியிருக்கிறது. இந்தக் காதுக்கா ஒரு சின்னப் பெட்டி டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறது?

மார்ச் 4

ஒரு நட்சத்திரம் போட்டேன். “இடது பக்கம் ஊமை. வாங்கி ஏமாற வேண்டாம். இப்படிக்கு, நூற்பாலை அனுபவம் உள்ள குழந்தைவேலு, சிங்காநல்லூர்.”

மனம் லேசானது.

மார்ச் 5

காலையில் யாரோ ஒருவர் வந்து என் பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். பிடித்து நிறுத்தினேன். சுலோசனா அடுப்படியில் இருந்து வந்து, “நாந்தானுங்க வரச் சொன்னேன். துருப்பிடிச்சுக் கெடக்குது, குடுத்தரலாமான்னு நீங்க ஒயர் மாட்டறப்பக் கேட்டேன். செரின்னீங்களே” என்றாள்.

சரி என்று சொன்னேன் என்றால் சொல்லியிருப்பேன். வார்த்தை மாறுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஸ்கூட்டர் போய்விட்டது.

மார்ச் 6

என் கருத்துக்குக் கீழே சண்டை ஆரம்பித்துவிட்டது. வெங்கிடுபதி கொதித்துப்போய், “ஒயரைச் சரியாக மாட்டத் தெரியாதவர்கள் நட்சத்திரம் போடக்கூடாது” என்று எழுதியிருக்கிறார். அவரையாவது மன்னிக்கலாம். ‘அமைதி விரும்பி, கோவை’ என்ற பெயரில் ஒருவர் எழுதியிருப்பதுதான் தாங்க முடியவில்லை.

“எங்கள் வீட்டிலும் இதே பெட்டிதான். ஒரு குறையும் இல்லை. சத்தம்தான் எந்நேரமும் எச்சாக வைக்கப்படுகிறது. கேட்பவர் காதை ஒரு தடவை டாக்டரிடம் காட்டுவது நல்லது.”

அதிகமாக என்பதை எச்சாக என்று எழுதுகிறவர் நம் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். உருப்படாத ஆகாவழி. சுலோசனாவிடம் படித்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் அவ்வளவு கோபம்.

மார்ச் 7

கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பொறுமைசாலி. “இடது ஒயரை வலதுலயும், வலது ஒயரை இடதுலயும் மாத்திப் போடுங்க சார். பெட்டியில குறை இருந்தா அதுவும் பக்கம் மாறிடும்” என்றாள்.

மாற்றினேன். குறை மாறவில்லை. இடதில்தான் நிற்கிறது. பெட்டியிலும் குறை, ஒயரிலும் குறை என்று அவளிடம் சொன்னேன். “வீட்டுல வேற யாராவது கேட்டாங்களா சார்?” என்றாள். போனை வைத்துவிட்டு ஒயரைப் பழையபடி மாட்டினேன்.

மார்ச் 9

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. எழுதுகிறேன்.

வாசலில் ஒருவர் கட்டைப் பையோடு நின்றார். வெள்ளை மீசை, கழுத்தில் துண்டு. “காது மாஸ்டர் வீடு இதானுங்களா? நான் பொள்ளாச்சி வெங்கிடுபதி” என்றார். பைக்குள் அவருடைய தேனொலி, குழந்தையைச் சுற்றுவது போலப் போர்வை சுற்றி இருந்தது. இரண்டு பஸ் மாறி, சிங்காநல்லூரில் என் பெயர் சொல்லி விசாரித்து, காது மாஸ்டர் என்று அடையாளம் கேட்டு வந்திருக்கிறார்.

“நீங்க எழுதுனதப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலீங் மாஸ்டர். என்ற பொட்டிய மாட்டிக் கேளுங்க. இதுலயும் இடது வரலீன்னா என்ற அஞ்சு நட்சத்திரத்தயும் நானே அழிச்சர்றேன்.”

மாட்டினோம். கேட்டேன். “இதிலும் இடது பக்கம் மந்தம்தான்” என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. எழுந்துபோய் இடது ஸ்பீக்கரில் காதை வைத்தார். திரும்பி சுலோசனாவைப் பார்த்தார். சுலோசனா கூரையைப் பார்த்தாள்.

“மாஸ்டர், ஒரு சின்ன உதவி. அந்தச் சேரத் திருப்பிப்போட்டு, செவுத்தப் பாத்து உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

“இப்ப எந்த ஸ்பீக்கர் மந்தம்?”

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் உண்மையைச் சொன்னேன். இதுவரை கணீரென்று இருந்த மிருதங்க ஸ்பீக்கர்தான் இப்போது மந்தம்.

வெங்கிடுபதி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பொட்டி தப்பிச்சுதுங்க” என்றார். சுலோசனா கொடுத்த காபியைக் குடித்தார், தன் பெட்டியைப் போர்வையில் சுற்றினார், கிளம்பினார். வாசலில் இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன என்று விழவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் அதிகம்.

மார்ச் 10

சுவரில் ஈரம் இருக்கிறது. ஈரம் ஒலியை உறிஞ்சும்.

மார்ச் 12

மகள் சிந்துஜா நாக்பூரில் இருந்து பேசினாள். அவளும் அம்மாவும் வெகு நேரம் பேசினார்கள். சாப்பிடும்போது சுலோசனா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டாள். நாக்பூர் என்பது மட்டும் காதில் விழுந்தது. போனில் தேனொலி பற்றி ஒருவர் புதிதாக எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். “சரி சரி, போயிட்டு வா” என்றேன்.

தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாள். வெயில் காலத்தில் பசி எடுக்காது.

மார்ச் 14

ரயில் டிக்கெட் வந்துவிட்டதாம். சுலோசனா ஏப்ரல் இரண்டாம் தேதி நாக்பூர் போகிறாள். சிந்துஜா மறுபடி வேலைக்குப் போவதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு வருடம்.

“ஒரு வருசமா?” என்றேன்.

“நீங்கதான போயிட்டு வான்னீங்க. ஒரு நிமிசங்கூட ரோசன பண்ணல.”

என்ன கேட்டாய் என்று தெரியாமல் சொன்னேன் என்று சொல்லலாம்தான். சொன்னால் ஏன் தெரியவில்லை என்று அடுத்த கேள்வி வரும். “ஆமா, சொன்னேன். நல்லதுதான்” என்றேன்.

நல்லதுதான். பாட்டை நிம்மதியாகக் கேட்கலாம். ரசத்துக்குப் புளி எவ்வளவு போடுவது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 17

கரண்ட் ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காது டாக்டரிடம் போனேன். எனக்காக இல்லை. அந்த அமைதி விரும்பியின் வாயை அடைக்க ஒரு சான்றிதழ் வேண்டும்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். பீப் சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது காதில் நன்றாகவே செய்தேன். இடது காதுக்கு வந்ததும் சத்தம் கொஞ்சம் தயங்கியது. இந்த மாதிரி விஷயங்களில் ஒரு தாளம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து.

அந்தப் பெண் கதவைத் திறந்தாள். “சார், இடது காதுக்கு நான் இன்னும் சத்தமே குடுக்கலீங்க.”

பிறகு ஒழுங்காகச் செய்தோம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வலது காதின் கோடு கொஞ்சம் சாய்ந்து போகிறது. இடது காதின் கோடு கிணற்றில் விழுகிறது. “மில்லுலயா இருந்தீங்க?” என்றார். ஆமாம் என்றேன். “மெஷின்ல காது வெச்சுக் கேப்பீங்களோ?” என்றார்.

பஸ்ஸில் வரும்போது சன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணில் தூசி.

மார்ச் 21

காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிற சின்ன மெஷின். மெனக்கெட்டுப் பார்த்தால் ஒழிய வெளியே தெரியாது. சுலோசனாவிடம் சொல்லவில்லை. சொல்லும்படி இதில் என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்தேன். மின்விசிறி இத்தனை நாள் கத்திக்கொண்டா இருந்தது? என் செருப்பு தரையில் தேய்கிற சத்தம் எனக்கே கேவலமாக இருந்தது. சுலோசனா கடைக்குப் போனதும் தேனொலியைப் போட்டேன்.

வயலின் வந்தது. போர்வையை எடுத்துவிட்டு, இடது மூலையில் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்காக வாசித்தது போல வந்தது. முழுதும் கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.

நியாயம் நியாயம்தான். ஒற்றை நட்சத்திரத்தை நீக்கி ஐந்து போட்டேன். “மூன்று வாரம் தொடர்ந்து ஓடிய பிறகு இடது பக்கம் நன்றாகத் திறந்துகொண்டது. வாங்கியவர்கள் பொறுமை காக்கவும்.”

அதற்குள் இரண்டு பேர், தங்கள் பெட்டியும் சரியாக மூன்றாவது வாரத்தில்தான் திறந்தது என்று எழுதிவிட்டார்கள். குக்கர் ஆர்டர் போட்டவருக்கும் திறந்துவிட்டதாம். வெங்கிடுபதி மட்டும் ஒரே வரி: “வாழ்த்துகள் மாஸ்டர். கொஞ்சம் சத்தம் குறைத்து வைக்கவும்.”

மார்ச் 22

இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். சுலோசனா வழக்கம்போல என் இடது பக்கம் உட்கார்ந்து பரிமாறினாள். அப்போதுதான் அது நடந்தது. அவள் பேசினாள்.

என்னைப் பார்த்து அல்ல. சட்னியைப் பார்த்தபடி, உதடு அதிகம் அசையாமல், ஒரு கதை சொல்வது போல, என் இடது காதுக்கு.

“சட்டினி கெட்டியா வேணுமாமா இவருக்கு. தின்னு, நல்லாத் தின்னு. போன வாரம் மாவுல கல்லு கெடந்துதுன்னு கத்துனயே, அது கல்லில்ல சாமி, உன்ற பல்லு.”

நாக்கால் தடவிப் பார்த்தேன். உண்மைதான். கடைவாயில் ஒரு இடம் காலி.

வாழ்நாளில் என்னை அவள் ஒருமையில் பேசியதில்லை. வாயைத் திறக்கப் போனேன். மூடிக்கொண்டேன். இன்னும் என்ன வருகிறது என்று பார்க்கலாம்.

மார்ச் 24

நிறைய வருகிறது.

நான் ஓய்வு பெற்ற நாளில் போட்ட சஃபாரி சூட்டைப் பாத்திரக்காரனிடம் போட்டு இட்லிச் சட்டி வாங்கியிருக்கிறாள். என் தம்பி வந்தால் காபியில் சர்க்கரை குறைவதற்குக் காரணம் அவனுடைய சர்க்கரை வியாதி அல்ல, அவன் பெண்டாட்டி சொன்ன ஒரு வார்த்தை. நான் குறட்டை விடும்போது என் மூக்கைப் பிடிப்பாளாம். சில நாள் தேவைக்கு மேல் பிடித்திருக்கிறாளாம். இதையெல்லாம் இரண்டு வருடமாக இந்தக் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் தலையாட்டியபடி சாப்பிட்டிருக்கிறேன்.

இன்று மோர் ஊற்றும்போது: “அமைதி விரும்பின்னு எழுதுனது ஆருன்னு நெனச்சே? நாந்தான். பொட்டி நல்லா இருக்குது, உன்ற காதப் போய்க் காட்டுன்னு மொகத்துக்கு நேரா சொன்னா ஆடுவியேன்னுதான் ஊரறிய எழுதுனேன். அப்பவும் போவுலியே நீ.”

மோர் புரையேறிவிட்டது. முதுகில் தட்டினாள். “மெதுவாக் குடிங்க” என்று சத்தமாகச் சொன்னாள், வலது பக்கம் குனிந்து, மரியாதையோடு.

மார்ச் 28

நாள் முழுதும் பெட்டி அடுக்கினாள். சாப்பிடும்போது முதலில் ஒன்றும் பேசவில்லை. ரசம் ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மிக மெல்ல:

“எனக்குப் போவப் புடிக்கலீங்க.”

இன்று ஒருமையில் பேசவில்லை.

“கொழந்தைய ரெண்டு மாசம் பாத்துக்கலாம். ஒரு வருசம் என்னத்துக்கு? அந்தூர்ல எனக்கு ஆரத் தெரியும்? நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்வீங்கன்னு நெனச்சுத்தான் உங்களக் கேட்டேன். சடக்குன்னு போயிட்டு வான்னுட்டீங்க. நான் இல்லாட்டி உங்களுக்கு ஒண்ணும் கொறையாத் தெரியாது போல. பொட்டி இருக்குதல்ல, பாடறதுக்கு.”

ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். “இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்று சத்தமாகக் கேட்டாள். சரி என்றேன்.

மார்ச் 29

தேனொலியைப் போடவில்லை.

மார்ச் 30

கரண்ட் ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பூங்காவில் உட்கார்ந்து சிந்துஜாவுக்குப் போன் செய்தேன்.

“ஒரு வருசம்னு அம்மாதாம்ப்பா சொன்னாங்க. நான் ரெண்டு மாசத்துக்குத்தான் கேட்டேன். அதுக்கப்பறம் எங்க ஆபீஸ் பக்கத்துலயே குழந்தைய விட எடம் கெடைச்சுரும். அப்பாதான் எவ்வளவு நாள் வேணாலும் இருன்னுட்டார்னு சொல்லி அழுதாங்க. நீங்க ரெண்டு பேரும் சண்டையா?”

இல்லை என்றேன். அப்புறம், உன் வீட்டில் எனக்கும் படுக்க இடம் இருக்குமா என்று கேட்டேன். அவள் ஏதோ சொன்னாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இந்த மெஷினில் எல்லாமே கேட்கிறது.

நாளை சுலோசனாவிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 1

சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முதல் வார்த்தைதான் வரவில்லை. மெஷின் நின்றால் பேரிங் மாற்றலாம். இதற்கு எங்கே ஸ்க்ரூடிரைவர் வைப்பது?

ஏப்ரல் 2 (ரயிலில் எழுதுவது)

எழுத்து கோணினால் ரயில்தான் காரணம்.

காலையில் ஆட்டோ வரச் சொல்லியிருந்தாள். கடைசியாக எனக்கு இட்லி வைத்தாள். இடது பக்கம் உட்கார்ந்தாள். புளி, மிளகாய்த்தூள், காஸ் புத்தகம் எங்கே இருக்கின்றன என்பதை எல்லாம் சத்தமாகச் சொல்லி முடித்தாள். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மெல்லிய குரலில் சொன்னாள்.

“இப்பவாச்சும் ஒரு வார்த்த, போவண்டான்னு சொல்லுங்களேன்.”

“போவண்டாம்” என்றேன்.

கிண்ணம் கவிழ்ந்தது. சட்னி மேசை முழுதும் ஓடியது. இருவரும் துடைக்கவில்லை.

“என்னது?”

“ஒரு வருசம் போவண்டாம், சுலோ. ரெண்டு மாசம் போதும்னு சிந்துஜா சொல்லிட்டா. நீ இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாது.”

அவள் என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். காதுக்குள் பார்த்தாள். விரலை விட்டுத் தொட்டாள். மெஷின் கீச்சென்று கத்தியது.

“எந்நாள்ல இருந்து?”

“பத்துப் பன்னெண்டு நாளா.”

அவள் கண்கள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. பல். சஃபாரி சூட். மூக்கு. முகம் சிவந்துகொண்டே போனது. “அத்தனையும் கேட்டுட்டு உக்காந்து தின்னீங்களா?” என்றாள். தலையாட்டினேன். கரண்டியை எடுத்தாள். என் தோளில் ஒரு அடி விழுந்தது. அதற்குப் பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போது அவள் சொன்னது எனக்கு இரண்டு காதிலும் கேட்டது. எழுதப் போவதில்லை.

ஆட்டோக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். “ஏனுங்க்கா, வண்டிக்கு நேரமாச்சு. வர்றீங்களா, இல்லீங்களா?”

சுலோசனா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நான் வர்றனுங்க. இந்த மனுசன் வர்றாரான்னு கேளுங்க” என்றாள்.

ஒரு வேட்டி, இரண்டு சட்டை, பல் துலக்கும் பிரஷ், இந்த டைரி. ஸ்டேஷனில் முன்பதிவில்லா டிக்கெட்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவளுடைய ஸ்லீப்பர் பெட்டியிலேயே ஏறிவிட்டேன்.

சேலம் தாண்டி டி.டி.இ. வந்தார். என் டிக்கெட்டைப் பார்த்ததும், “இது இந்தப் பெட்டிக்குச் செல்லாதே. எறங்கணும் சார்” என்றார். ரயில்வே விதிகளைப் பற்றி எனக்கும் சில கருத்துகள் உண்டு. எழுந்து நின்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே சுலோசனா என் முழங்காலைக் கிள்ளினாள்.

“அவருக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்க சார்” என்றாள். குரலில் அப்படி ஒரு சோகம். “தனியா உட்டுட்டு வர முடியலீங்க. எறக்கி உட்டீங்கன்னா எங்க போவாரு?”

டி.டி.இ. என்னைப் பார்த்தார். நான் புன்னகைத்தேன். அவர் குனிந்து என் காதருகே, “அபராதம் கட்டணும் பெரியவரே! எடம் பாத்துத் தர்றேன்!” என்று கத்தினார். இடது காது. மெஷினோடு. மூளைக்குள் மில் சங்கு ஊதியது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதும் புன்னகைத்தேன்.

அது அவரைக் கரைத்துவிட்டது போலிருக்கிறது. விதிப்படி ரசீது போட்டார். எதிர் இருக்கையே காலி என்று எனக்குக் கொடுத்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லிய குரலில் சொன்னார்.

“பாவம் அந்தம்மா. இந்த மனுசன வெச்சுக்கிட்டு எப்படித்தான் காலம் தள்றாங்களோ.”

கேட்காதது போல வெளியே பார்த்தேன். எதிரே சுலோசனா முந்தானையைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.